பனிமுகில் வானொலியின் முகப்பிசை

பனிமுகில் வானொலி மக்களுக்காகத் தொடங்கப்பட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அதன் வாசலில் மும்மொழியிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஹட்டனுக்கு மேலே பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு உயர்கல்வி நிறுவகம். அதன் நிர்வாகக் கட்டடத்தின் உச்சி மாடியில் வானொலி. மக்கள் அங்கே போக வேண்டுமென்றால் வழியிலுள்ள காவற்கூடங்கள் ஒவ்வொன்றிலும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் யாரும் தடுப்பதில்லை. மேலே கதவு பூட்டியிருக்கும், அவ்வளவுதான்.

காலையில் பணிப்பாளரின் சிந்தனை ஒலிபரப்பாகும். மதியமும் பிற்பகலும் பரீட்சை அறிவித்தல்கள். மாலையில், காலைச் சிந்தனையைத் தவறவிட்டவர்களுக்காக அதே சிந்தனை மீண்டும் வரும். என்ன இருந்தாலும் அலைவரிசை நன்றாக எட்டியது. கொத்மலைப் பக்கம் தெளிவாகக் கேட்கும். வானம் வெளித்திருந்தால் பொல்பிட்டிய வரைக்கும் போகும்.

ஜீவராஜுக்கு அந்த எட்டும் தூரம்தான் தேவைப்பட்டது.

அவன் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் வேலை செய்தான். கோயில் திருவிழா, கல்யாணம், தேர்தல் கூட்டம் எதுவானாலும் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் வயர் இழுப்பான். மற்ற நேரத்தில் ‘ஊசிமலை ரிதம்ஸ்’ என்ற இசைக்குழுவில் பாடுவான். குழு என்றால் நாலு பேர். இராமையா கீபோர்ட். லோஜன் மேளம். ஆண் குரல் ஜீவராஜ், பெண் குரல் அவன் மனைவியின் தங்கை வினோதா. தாய் இறந்தபோது வினோதா சின்னப் பிள்ளை. அக்கா நிஷாந்திதான் தலைவாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணமாகி வந்தபோது தன்னோடு கூட்டிக்கொண்டும் வந்தாள். ஊசிமலைத் தோட்டத்தில் மேல் பிரிவின் மேட்டு லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளின் வரிசையில், கடைசிக் காம்பரா அவர்களுடையது.

போன கார்த்திகை மழையில் அந்த லயத்தின் மேல் மலை இறங்கியது. ஜீவராஜ் அன்றைக்குப் பாதை உடைந்து டவுனில் மாட்டிக்கொண்டான். நிஷாந்திக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிந்து இருவரும் வந்து பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், வேரோடு வந்த ஒரு சவுக்கு மரமும் கிடந்தன. வினோதா கிடைக்கவில்லை. லோஜன் கிடைக்கவில்லை. இன்னும் பலர் கிடைக்கவில்லை. தேடுவதைச் சில நாளில் நிறுத்தினார்கள்.

தப்பியவர்கள் சிதறிப்போனார்கள். சிலர் பள்ளிக்கூட மண்டபத்தில், சிலர் கொத்மலையில் உறவுக்காரர் வீட்டில், சிலர் பொல்பிட்டியவில். அதனால் முப்பதாம் நாள் காரியத்தை ஆளுக்கொரு இடத்தில், அவரவருக்குத் தெரிந்த விதமாகச் செய்தார்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அழ ஓர் இடம் வாய்க்கவில்லை.

ஜீவராஜ் அதுவரை சொந்தமாகப் பாட்டுக் கட்டியவனல்ல. கடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டு தானாக வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் ஒருவன் லயத்தோரமாக நடந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகிற பாட்டு.

‘மொதல் காம்பராவுல செல்லம்மாக்கா, வெளக்க ஏத்துக்கா. ரெண்டாம் காம்பராவுல லோஜன் தம்பி, கதவத் தொறப்பா’ என்று தொடங்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் போய், ‘கடைசிக் காம்பராவுல வினோதா, நீ பாட்ட எடும்மா’ என்று முடியும். அவர்கள் குழுவில் எந்த நிகழ்ச்சியிலும் முதல் பாட்டு வினோதாதான் எடுப்பாள்.

இந்தச் சமயத்தில்தான் பனிமுகில் வானொலி, ‘மக்கள் மேடை’ என்ற நேரடி இசை நிகழ்ச்சி நடக்கப்போவதாக அறிவித்தது. அனர்த்தத்தில் பாதிக்கப்பட்ட உறவுகளுக்காக, அந்த மக்களின் கலைஞர்களே பாடப்போகிறார்கள் என்றது.

“போன்ல பாடி அனுப்பிறலாம், நிஷா. ஆனா அவங்கவங்க ஒவ்வொரு நேரத்துல கேப்பாங்க” என்றான் ஜீவராஜ். “ரேடியோவுல வந்தா எல்லாரும் ஒரே நேரத்துல கேப்பாங்க. ஒரே வாசல்ல ஒக்காந்த மாதிரி இருக்கும்.”

பள்ளிக்கூட மண்டபத்தின் மூலையில், சேலை கட்டி மறைத்த இடத்தில் நிஷாந்தி சோறு பிசைந்துகொண்டிருந்தாள். மலை இறங்கிய நாளிலிருந்து அவள் தங்கச்சியின் பெயரைச் சொன்னதில்லை. யாராவது சொன்னால் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள்.

“போய்க் கேட்டுப் பாருங்க” என்றாள்.

வானொலிப் பணிப்பாளர் பேராசிரியர் மரியநாயகம் அவனை எழுந்து நின்று வரவேற்றார். அவர் வீட்டில் தேநீர் கேட்பதும் ஒலிபரப்புத் தமிழில்தான் என்று சொல்வார்கள்.

“வாருங்கள், அமருங்கள். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த வானொலி. நாங்கள் உங்களைத் தேடி வருவதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். தேடி வந்தால் உங்கள் தன்மானம் என்னாவது? ஆகவேதான் நீங்களே வரட்டும் என்று இங்கே உயரத்தில் அமர்ந்திருக்கிறோம்.”

ஜீவராஜ் நன்றி சொன்னான். அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

பாட்டை அங்கேயே பாடிக் காட்டச் சொன்னார்கள். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சுதர்ஷினி, மொழித்துறையிலிருந்து ஒருவர், சட்ட ஆலோசகர், பணிப்பாளர் ஆகியோர் நீள மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவன் பாடி முடித்தபோது சுதர்ஷினி மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள்.

“உருக்கமான படைப்பு” என்றார் பணிப்பாளர். “சிறு சிறு திருத்தங்கள் மட்டும்.”

மொழித்துறைக்காரர் முதலில் பேசினார். “காம்பரா தமிழ்ச் சொல்லல்ல. வானொலி மொழியை வளர்க்க வேண்டும். ‘தொடர்குடியிருப்பின் முதலாம் அலகில்’ என்று வைத்துக்கொள்ளலாம்.”

“அது மெட்டுக்கு நிக்காதுங்க சேர்.”

“மெட்டை நீட்டுங்கள்.”

சட்ட ஆலோசகர், மலை சரிந்ததாக வரும் வரியை எடுத்துவிட வேண்டும் என்றார். விசாரணை நடக்கும்போது மலை சரிந்தது என்று நாமாக முடிவு சொல்வது சரியல்ல.

“பாட்டுல அப்படி வரி இல்லீங்களே சேர்.”

“வராமலேயே கேட்பவருக்குப் புரிகிறது. அது இன்னும் ஆபத்து” என்றார் அவர். பிறகு, “பெயர்கள் சொல்கிறீர்கள். தனிநபர் பெயரை ஒலிபரப்ப அந்தந்த நபரின் ஒப்புதல் வேண்டும்” என்றார்.

ஜீவராஜ் அவர் பக்கம் திரும்பினான்.

“அவங்க செத்துட்டாங்க சேர்.”

“அதுதான் சிக்கல். உயிரோடு இருப்பவர்கள் என்றால் ஒரே நாளில் ஒப்புதல் வாங்கிவிடலாம்.”

“வீட்டாளுங்க சொன்னா போதாதுங்களா? எல்லாரும் சம்மதிப்பாங்க. அவங்க கேக்கத்தான் சேர் பாட்டு.”

“வீட்டார் என்று நிரூபிக்க மரணச் சான்றிதழ் வேண்டும். உடல் கிடைக்காதவர்களுக்கு அது இன்னும் வழங்கப்படவில்லை. சட்டத்தின் பார்வையில் அவர்கள் இறக்கவில்லை. ஆகவே அவர்களே வந்து ஒப்புதல் தரத் தடையில்லை.”

அவர் கேலி செய்யவில்லை. முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. ஜீவராஜ் தலையாட்டினான்.

அடுத்த கூட்டத்தில் பெயர்கள் போயின. அதற்கடுத்ததில் விளக்கு ஏற்றும் வரி போனது. மின்சாரம் இல்லாத குடியிருப்பு என்று கேட்பவர்கள் நினைத்துவிடக்கூடும். கதவு திறக்கும் வரியும் போனது. கடைசியில் சொற்கள் எல்லாம் போய், மெட்டு மட்டும் மிஞ்சியது. அதை முணகலாகப் பாடலாம் என்று குழு ஏகமனதாக அங்கீகரித்தது. முணகலில் மொழிப்பிழை இல்லை, சட்டச் சிக்கல் இல்லை, எந்த இனத்தவரும் புரிந்துகொள்ளலாம் என்று பணிப்பாளர் மகிழ்ந்தார்.

“மௌனத்துக்கு அடுத்தபடியாக, முணகலே உலகப் பொதுமொழி” என்றார். சுதர்ஷினி அதைக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த நாள் காலைச் சிந்தனையில் அது வந்தது.

ஜீவராஜ் விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அதற்குள் இராமையா எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான். கொத்மலையில் ஒருவர் புது ரேடியோ வாங்கிவிட்டார். பொல்பிட்டியவில் இருந்தவர்கள், உயரமான இடமாகப் பார்த்து ஏரியல் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அதோடு, மேடையில் நிற்கும்போது யாரும் வாயைப் பொத்த முடியாது என்றும் அவன் உள்ளுக்குள் நினைத்திருந்தான். கடைசிப் பெயரையாவது பாடிவிடலாம்.

இன்னொரு விடயம் பாக்கி இருந்தது. குழுக்களில் பெண் பிரதிநிதித்துவம் கட்டாயம் என்று சுதர்ஷினி போன் செய்தாள்.

“உங்க குழுவுல ஒரு பாடகி இருக்காங்கன்னு முதல்ல சொல்லியிருந்தீங்களே அண்ணா. அவங்க வருவாங்களா?”

“அந்தப் புள்ளதான் மிஸ் கடைசிக் காம்பரா.”

அவள் மெல்லக் கேட்டாள். “நான் மேல என்னன்னு சொல்லட்டும்?”

“ஒங்களுக்கு எது சுலபமோ அதச் சொல்லுங்க மிஸ்.”

அவள் ‘தற்காலிகமாகச் சமூகமளிக்க இயலாதவர்’ என்று சொன்னாள். படிவத்தில் அந்தத் தலைப்பு ஏற்கனவே இருந்தது. பாடகி நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கு ஆங்கிலத்துறை மாணவி ஒருத்தியை நியமித்தார்கள். அவளுக்குப் பாட வராது. பாட வேண்டிய அவசியமும் இல்லை என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

நிகழ்ச்சி நாளன்று ஜீவராஜும் இராமையாவும் காலையிலேயே போய்விட்டார்கள். மண்டபத்தில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இடம் கேட்டபோது, விருந்தினர்களின் தொகை அதிகமாகிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனாலும் அந்த மக்கள் இல்லாமல் நிகழ்ச்சி நடத்தப்படவில்லை. முதலாம் ஆண்டு மாணவர்கள் அவர்களாக உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். பெண்பிள்ளைகள் முதுகில் சின்னச் சின்னக் கொழுந்துக் கூடைகளைக் கட்டியிருந்தார்கள். ஆண்பிள்ளைகள் போர்வை போர்த்தியிருந்தார்கள். சோகமாக இருக்கும்படி கேட்டுக்கொண்டிருந்ததால் ஒருவரும் பேசவில்லை.

“அவங்க யாரு?” என்று இராமையா கேட்டான்.

“நாங்கதான்” என்றான் ஜீவராஜ்.

நேரலை தொடங்கியது. மங்கல விளக்கு ஏற்றப்பட்டது. வரவேற்பு நடனம் ஆடப்பட்டது. வானொலியில் அது சலங்கைச் சத்தமாகப் போயிற்று. வரவேற்புரை, தொடக்கவுரை, தலைமையுரை, ஆசியுரை என்று போனது. ஆசியுரை சொல்ல நாலு மதத்தவரும் வந்திருந்தார்கள். யாரையும் குறைவாகப் பேசவிட முடியாது. பிறகு நிறுவகத்தின் தலைவர் எழுந்தார்.

“இந்தத் துயரம் நிகழாதிருந்தால் இந்த அழகான மாலைப்பொழுது எமக்குக் கிடைத்திருக்காது” என்று அவர் தொடங்கினார். “சமூகத்தோடு உறவு இல்லை என்று தர மதிப்பீட்டில் எங்கள் நிறுவகத்துக்குப் புள்ளிகளைக் குறைத்தார்கள். நாங்கள் தளரவில்லை. தகுந்த தருணத்துக்காகக் காத்திருந்தோம். கார்த்திகையில் அந்தத் தருணம் வந்தது. பாதிக்கப்பட்ட அந்த மக்களுக்கு நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம். எதிர்காலத்தில் எந்த அனர்த்தம் வந்தாலும் அதைக் கொண்டாட இந்த மண்டபம் தயாராக இருக்கும்.”

கை தட்டினார்கள். கடைசி வாக்கியத்தில் ஒரு சொல் இடம் மாறியிருப்பதாகச் சுதர்ஷினிக்குத் தோன்றியது. வேறு யாருக்கும் அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை.

ஜீவராஜ் மேடையின் ஓரத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தான். பெட்டிகளைத் தூக்கிப் பழகிய கால்கள்தான், ஆனாலும் வலித்தன. பக்கத்தில் அந்த மாணவி நின்றாள். நினைவுச் சின்னங்களும் பொன்னாடைகளும் வழங்கி முடிந்த பிறகு அறிவிப்பாளர், “இதோ, நீங்கள் ஆவலுடன் எதிர்பார்த்த மக்கள் இசை” என்றார்.

இராமையா கீபோர்டில் கை வைத்தான். ஜீவராஜ் கண்ணை மூடிக்கொண்டான். முதல் கதவைத் தட்டுகிற இடத்தில் முணகினான். இரண்டாம் கதவு. மூன்றாம் கதவு. வாயைத் திறக்காமலேயே ஒவ்வொரு பெயரும் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. கொழுந்துக் கூடை கட்டியிருந்த பிள்ளைகளில் ஒருத்தி அழத் தொடங்கினாள். அவளை யாரும் அழச் சொல்லியிருக்கவில்லை. கடைசிக் காம்பரா வந்தது. ஜீவராஜ் மூச்சை இழுத்து, அதுவரை முணகியதை விட்டு, வாய் திறந்து பாடினான்.

“வினோதா, நீ பாட்ட எடும்மா.”

பணிப்பாளர் திடுக்கிட்டுச் சுதர்ஷினியைப் பார்த்தார். சுதர்ஷினி கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேலிருந்த கையை அசைக்கவில்லை. சத்தத்தைக் குறைக்கும்படி அவர் சாடை காட்டியபோதும் அசைக்கவில்லை. அன்றைக்கு அவள் செய்த தைரியமான காரியம் அது. அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை. பரீட்சை அறிவித்தல் நேரம் வந்ததும் கணினி தானாகவே மண்டபத்தைத் துண்டித்துவிட்டு அறிவித்தலுக்குப் போய்விடும். அது அந்தப் பெயருக்குச் சற்று முன்னதாகவே போய்விட்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஜீவராஜ் இராமையாவோடு பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்து சேர்ந்தான். உள்ளே எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் ரேடியோ இருந்தது. அது இன்னும் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் ஆண்டு முகாமைத்துவ மாணவர்களின் மீள்பரீட்சை நேர அட்டவணையை ஒரு குரல் வாசித்தது. சின்னப் பிள்ளைகள்கூடச் சத்தம் போடாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மீனம்மாதான் முதலில் அவனைப் பார்த்தாள். லோஜனின் தாய். இரண்டாம் காம்பரா.

“வந்துட்டியா தம்பி? இன்னும் ஒன்னைய கூப்புடலியே” என்றாள். “ஆளு ஆளா பேசுனாங்க. நடுவுல யாரோ கொஞ்ச நேரம் மொணகுனாங்க. நீ இனிமேத்தான்னு நெனச்சி இருக்கோம்.”

“அது நாந்தான் அக்கா.”

மீனம்மா ரேடியோவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் கடைசியில். “நீன்னு தெரியல. சொல்லி இருந்தா இன்னும் நல்லாக் கேட்டிருப்போம்.”

கொத்மலையிலிருந்தும் பொல்பிட்டியவிலிருந்தும் போன் வந்துகொண்டிருந்தது. அவர்களும் காத்திருந்தார்கள். ஜீவராஜ் ரேடியோவை நிறுத்திவிட்டு, பாயில் உட்கார்ந்து, முழுப் பாட்டையும் பாடினான். இராமையாவும் இன்னும் இரண்டு பேரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் வீட்டுப் பெயர் வந்தபோது ஒவ்வொருவராக அழுதார்கள். மீனம்மா அழவில்லை. ‘லோஜன் தம்பி’ என்ற இடத்தில், வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் சொல்வதுபோல, “இருக்கான்” என்று மட்டும் சொன்னாள்.

கடைசிக் காம்பரா வரும்போது நிஷாந்தி எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். குழாயில் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

நிகழ்ச்சி பெரிய வெற்றி என்று பனிமுகில் வானொலி அறிவித்தது. சமூகத்தோடு உறவு பேணியதற்காக நிறுவகத்துக்குக் கொழும்பில் ஒரு விருது கிடைத்தது. அதை வாங்கப் பணிப்பாளரும் தலைவரும் குடும்பத்தோடு போய்வந்தார்கள். ஒலிபரப்பான பகுதியின் பதிவில் ஜீவராஜின் முணகல் எல்லாருக்கும் பிடித்துப்போயிருந்தது. அதை வானொலியின் முகப்பிசையாக ஆக்கினார்கள். ஒவ்வொரு அறிவித்தலுக்கு முன்னாலும் அது ஒலிக்கத் தொடங்கியது. சிற்றுண்டிச்சாலைக் குத்தகைக் கேள்விமனுவுக்கு முன்னால், விடுதியில் நுளம்பு விரட்டும் புகைக்கு முன்னால், தொலைந்த குடைகளுக்கு முன்னால்.

ஜீவராஜ் மறுபடியும் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி மேலே போனான்.

“சேர், அது செத்தவங்களுக்குப் பாடுனது. குடை தொலைஞ்சதுக்கெல்லாம் போட வேணாம் சேர்.”

மரியநாயகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“நண்பரே, நான் முப்பது வருடமாக ஒலிபரப்பில் இருக்கிறேன். என் சிந்தனையே ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் போகிறது. உங்கள் குரல் எத்தனை தடவை போகிறது என்று எண்ணிப் பாருங்கள். சொற்களோடு பாடியிருந்தால் ஒரே தடவையோடு மறந்திருப்பார்கள். நாங்கள் எடுத்துவிட்டதனால்தான் அது நிலைத்திருக்கிறது.”

வெளியே வந்தபோது சுதர்ஷினி படிக்கட்டில் நின்றாள். “மன்னிச்சுக்கோங்க அண்ணா” என்று மட்டும் சொன்னாள். அவன் பரவாயில்லை என்றான். அவளிடம் கோபப்பட அவனுக்கு மனம் வரவில்லை.

சித்திரைக்குப் பிறகு அவர்களுக்குத் தகரக் கொட்டில்கள் தந்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய கொட்டில்கள். பக்கத்துக் கொட்டிலில் மீனம்மா. அவள் ரேடியோவை நிறுத்துவதேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீவராஜ் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து, பழுதான ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளே நிஷாந்தி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் முகப்பிசை தொடங்கியது.

அவன் வேலையை நிறுத்தினான். அந்த இசை வரும்போதெல்லாம் அவனுக்கு எழுந்து எங்காவது போய்விடத் தோன்றும். முதல் கதவு போயிற்று. இரண்டாம் கதவில், தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து மீனம்மா “இருக்கான்” என்பது கேட்டது. அவள் அதை ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

நிஷாந்தி ரொட்டி தட்டும் சத்தம் நின்றிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாளியை எடுத்துவிடுவாளோ என்று பயந்தான். முணகல் கதவு கதவாக இறங்கி வந்தது. கடைசியில், கணினி துண்டித்த இடத்தில், அறிவிப்பாளர் பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. ஒரு பெயர் சொல்லுமளவு இடைவெளி.

“வினோதா” என்றாள் நிஷாந்தி.

மெதுவாகத்தான் சொன்னாள், சாப்பிடக் கூப்பிடுவதுபோல. பிறகு அறிவிப்பாளர் வாகனத் தரிப்பிடம் பற்றிப் பேசத் தொடங்கினார். அவள் மாவுக் கையோடு வந்து அவன் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எதிரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அடுத்தது எப்ப போடுவாங்க?” என்று கேட்டாள்.

“பரீட்சை அறிவித்தலுக்கு முன்னாடி” என்றான் ஜீவராஜ்.